தண்ணீர் இல்லை என்று சொல்லப் போகிறவள்

ஏப்ரல் 7

பரீட்சை முடிந்தும் பள்ளிக்கூடம் எங்களை விடுவதாக இல்லை. கோகுல்நாத் சார் புதிதாக ஒரு வகுப்பு ஆரம்பித்திருக்கிறார். பெரிய கல்லூரிகள் இப்போதெல்லாம் மார்க்கை மட்டும் பார்ப்பதில்லையாம். நம்மைப் பற்றி நாமே ஒரு பக்கம் எழுதி அனுப்ப வேண்டுமாம். அது பிடித்திருந்தால் இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவார்களாம். போர்டில் மூன்று தலைப்பு எழுதிப் போட்டார். என் குணங்கள். என் ஆர்வம். என் லட்சியம்.

கூடவே ஒரு மாதிரியும் கொடுத்தார். 'சிறு வயதிலிருந்தே ஏழை எளியவர்களுக்குச் சேவை செய்ய வேண்டும் என்பது என் கனவு' என்று ஆரம்பிக்கிறது அது. வகுப்பு மொத்தமும் குனிந்து அதையே எழுதியது. வகுப்பில் இருக்கிற ஏழை எளியவர்களும் அதையேதான் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

நான் வேறு எழுதினேன். குணம்: பிடிவாதம், கோபம். ஆர்வம்: கல். லட்சியம்: தண்ணீர் இல்லாத இடத்தில் தண்ணீர் இல்லை என்று சொல்வது. சார் சிவப்புப் பேனாவை எடுத்தார். பிடிவாதத்தை அடித்து விடாமுயற்சி ஆக்கினார். கோபத்தை அடித்துவிட்டு அந்த இடத்தை வெறுமனே விட்டார். கல்லுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டார். லட்சியத்தைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா சிந்துஜா, லட்சியம்னா ஒண்ணை உண்டாக்கறதா இருக்கோணும். இல்லைன்னு சொல்றதுக்கு ஒருத்தி காலேஜ் போவாளா?"

போவாள் சார். அதற்குத்தான் போகிறாள். அங்கே சொல்ல வாய் வரவில்லை, இங்கே எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 8

காலையில் தேங்காய்ச் சட்னி. மத்தியானம் தேங்காய் அரைத்த குழம்பு. பொழுதோடு தேங்காய்ப் பால் ஊற்றி ஏதோ ஒன்று. துருவித் துருவி என் கட்டைவிரல் தேய்ந்துவிட்டது. எங்கள் வீட்டில் தேங்காயைக் காசு கொடுத்து வாங்கியதே கிடையாது.

காரணம் அப்பா. திருச்செங்கோட்டில் பாதிப் பேருக்கு போர் போடும் ரிக் வண்டியில் பங்கு இருக்கிறது. எங்களுக்கு இல்லை. அப்பா அந்த வண்டி வருவதற்கு முந்தைய ஆள். நிலத்தில் எங்கே துளை போடலாம் என்று பாயிண்ட் பார்த்துச் சொல்கிறவர். அர்த்தநாரி என்று சொன்னால் போதும், சுற்றுப்பட்டில் எல்லாருக்கும் தெரியும். விடிந்ததும் குளித்து, வெறும் வயிற்றோடு, வெள்ளை வேட்டியில் போவார். குடுமியோடு ஒரு தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு தோட்டத்தில் குறுக்கும் நெடுக்கும் நடப்பார். ஓரிடத்தில் தேங்காய் எழுந்து நிற்கும். அங்கே குச்சி அடித்துச் சூடம் காட்டுவார்கள். பிறகு வண்டி வரும். தண்ணீர் வந்தால் அர்த்தநாரியின் கைராசி. வராவிட்டால் தோட்டக்காரரின் கெரகம். எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு பைத் தேங்காய் கட்டிக் கொடுத்துவிடுவார்கள்.

விண்ணப்பத்தில் தகப்பனார் தொழில் என்று ஒரு கட்டம் இருந்தது. என்ன போடுவது என்று சாரைக் கேட்டேன். விவசாயி என்று போடு, அதற்கு ஒரு மரியாதை இருக்கிறது என்றார். முக்கால் ஏக்கரில் நாங்கள் குச்சிக்கிழங்கு போட்டிருக்கிறோம். அதனால் அது பொய்யில்லை. போட்டுவிட்டேன். பொய் ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 11

சிவப்பு மணிகள் பதிந்த என் கல்லை வைத்து அம்மா இஞ்சி தட்டியிருக்கிறாள். சங்ககிரி ரோட்டில் பாலம் தோண்டிய இடத்தில் பொறுக்கியது அது. கைக்கு வாகாக இருந்தது, எடுத்தேன் என்கிறாள். ஜன்னலில் இருக்கிற மற்ற கற்களையும் மூட்டை கட்டி வெளியே போடப் போகிறாளாம், பல்லி அடைகிறதாம். நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் குரைத்தது.

அப்பாவோடு தோட்டங்களுக்குப் போகும் வயதில்தான் இந்தப் பைத்தியம் பிடித்தது. எல்லாரும் தண்ணீர் எப்போது வரும் என்று குழியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் மட்டும் வண்டி துப்புகிற பொடியைப் பார்ப்பேன். மேலே செம்மண் நிறம், அப்புறம் சாம்பல், அப்புறம் வெள்ளை, நடுவில் மினுக்குகிற அபிரகம். காலுக்குக் கீழே இத்தனை இருக்கிறது, ஒருவரும் ஏனென்று கேட்பதில்லை. எனக்கு அது ஆத்திரமாக வரும், இப்போதும் வருகிறது.

சென்னையில் ஒரு கல்லூரியில் ஜியாலஜி இருக்கிறது. சீட்டு கொஞ்சம்தான். கட்டுரையைத் தமிழிலேயே எழுதலாம் என்று போட்டிருக்கிறார்கள். அம்மாவுக்கு நான் பக்கத்திலேயே பி.காம். சேர வேண்டும். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கல்லைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று அம்மா கேட்டபோது மட்டும் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார், பிறகு மோர் கேட்டார்.

ஏப்ரல் 15

நல்லதம்பி மாமா தோட்டத்தில் போர். மாமா அம்மாவின் தம்பி. இரண்டு வருடமாக அவர் கிணறு காய்ந்து கிடக்கிறது. மாட்டுக்குத் தண்ணீர் லாரியில் வாங்குகிறார். அப்பா போன வாரம் வந்து பாயிண்ட் பார்த்துக் குச்சி அடித்துவிட்டுப் போயிருந்தார். மச்சினனிடம் அப்பா கூலி வாங்குவதில்லை, தேங்காய் மட்டும்.

வண்டி காலையில் ஆரம்பித்தது. பொழுது சாயும்வரை புழுதிதான் பறந்தது. கிழக்கு வேலிப் பக்கம் நின்ற எருமைகூட வெள்ளையாகிவிட்டது. கடைசியில் டிரைவர் அப்பாவைப் பார்த்துக் கையை விரித்தார். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எல்லாம் என் கெரகம் மச்சான், நீங்க வெசனப்படாதீங்க என்றார். அப்பா தலையாட்டினார்.

அந்தத் தலையாட்டலைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஏப்ரல் 17

இன்று மாமா வீட்டில் பேச்சு வந்தது. இன்னொரு பாயிண்ட் பார்க்கலாமா என்று மாமா கேட்டார். அப்பா உடனே சரி என்றார். மாமா, அத்தை, அம்மா, ரிக் வண்டி ஏஜென்ட், காபி குடிக்க வந்த இரண்டு பேர் எல்லாரும் இருந்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்று அம்மா வரும் வழியெல்லாம் சொன்னாள்.

நான் சொன்னது இதுதான்: "தேங்காய் தானா நிக்கறது இல்லீங்கப்பா. உங்க மணிக்கட்டு திரும்புது. நான் சின்னதுலருந்து பாத்துட்டிருக்கேன்."

ஏஜென்ட் காபி டம்ளரைக் கீழே வைத்தார். அப்பா தன் வலது கையைப் பார்த்தார், பிறகு மடியில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகாவது நான் நிறுத்தியிருக்கலாம். கிழக்கு மேட்டில் கறுப்புக் கல் வரிசையாகத் தலைநீட்டுகிறதே, அதற்கு மேல்பக்கம் போட்டால் தண்ணீர் வரும், நான் சொல்கிறேன் என்றேன். மாமா முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, சரி, இந்தத் தடவை அம்முணி சொல்ற எடத்துல போடலாம் என்றார். விளையாட்டாகச் சொன்னாரா என்று தெரியாமலே ஏஜென்ட் நாள் குறித்துவிட்டார்.

நான் சொன்னதில் தவறில்லை. உண்மையை எங்கே சொன்னால் என்ன?

ஏப்ரல் 18

அப்பா என்னிடம் பேசவில்லை. நானும்தான்.

ஏப்ரல் 21

கிழக்கு மேட்டில் நான்கைந்து முறை ஏறி இறங்கினேன். கறுப்புக் கல் வரிசை வடக்கேயிருந்து தெற்காகத் தோட்டத்தை வெட்டிக்கொண்டு போகிறது. சுற்றியிருக்கிற வெள்ளைப் பாறை வேறு, இது வேறு. ஒரு காலத்தில் அடியிலிருந்து குழம்பாக ஏறி, பாறை விரிசலில் இறுகிப்போனது. மண்ணுக்குள்ளே சுவராக நிற்கும். மேட்டிலிருந்து இறங்கி வரும் தண்ணீர் இந்தச் சுவரில் முட்டித் தேங்க வேண்டும். ஆகவே சுவருக்கு மேல்பக்கம் துளை போட வேண்டும். லைப்ரரிப் புத்தகத்தில் படமே இருக்கிறது.

குச்சி அடித்தேன். சூடம் காட்டவில்லை. அத்தை தூரத்தில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள். எலுமிச்சம்பழமாவது வைக்கட்டுமா என்று மாமா கேட்டார். வேண்டாம் என்றேன். எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்று சொல்வதில் ஒரு சந்தோஷம் இருக்கத்தான் செய்கிறது.

ஏப்ரல் 24

வரவில்லை.

முதலில் வெள்ளைப் பொடி வந்தது. பிறகு லேசாக ஈரம் தட்டியது, மாமா செருப்பைக் கழற்றிவிட்டுக் கிட்டே போனார். அடுத்த இரும்பு ராடு குழிக்குள் இறங்கியதும் கறுப்புப் பொடி. அதற்கடுத்ததும் கறுப்பு. அப்புறம் கறுப்பு, கறுப்பு, கறுப்பேதான். இன்னும் இறக்கச் சொல்லட்டுமா என்று டிரைவர் என்னைப் பார்த்துக் கேட்டார். அப்பாவையோ மாமாவையோ கேட்கவில்லை, என்னை. இறக்குங்க என்றேன். இன்னொரு முறையும் இறக்குங்க என்றேன். மூன்றாவது முறை கேட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மோட்டார் ரூமுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். வண்டி நிற்கும்வரை அங்கிருந்து வரவில்லை.

அழவில்லை. புழுதி.

ஏப்ரல் 25

டீக்கடையில் சொல்கிறார்களாம்: அப்பனுக்குத் தேங்காய், மகளுக்குப் புஸ்தகம், மாமனுக்குப் புழுதி. என் தோழி ரோகிணி போனில் சொன்னாள். நன்றாகத்தான் கட்டியிருக்கிறார்கள்.

ஏப்ரல் 27

அம்மா என்னோடு பேசுவது வேலைக்கு மட்டும். துணி எடு, பால் வாங்கு, விளக்கு வை. மாமாவுக்கு இரண்டு குழி வெட்டிக் கொடுத்த குடும்பம் என்று ஒரு முறை சொன்னாள், அதுவும் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல்.

மத்தியானம் அப்பா என் மேஜையில் ஒரு மஞ்சள் பையை வைத்துவிட்டுப் போனார். திறந்தால் உள்ளே சின்னச் சின்ன பிளாஸ்டிக் கவர்கள். அவர் சூடமும் திருநீறும் வைத்திருப்பாரே, அந்தக் கவர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடிப் பாறைப்பொடி. மேலே மார்க்கரில் எத்தனாவது அடி என்றும், வெள்ளை என்றும், கறுப்பு என்றும் எழுதியிருந்தது. ஒரு கவரில் 'ஈரம், உருண்டை பிடிக்குது' என்று இருந்தது. நான் மோட்டார் ரூமுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க அவர் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு ராடுக்கும் பிடித்திருக்கிறார்.

எதற்கு என்று கேட்டேன். பத்து நாளைக்குப் பிறகு நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"நீ எப்பவும் பொடியத்தான பாப்ப. வேண்டாம்னா கொட்டிரு."

கொட்டவில்லை. பீரோவில் என் பாவாடைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 30

குளியலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அப்பா புழக்கடையில் தனியாக நடந்துகொண்டிருந்தார். தண்ணீர்த் தொட்டி புதைத்திருக்கிற இடத்தின் மேலே, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். கண்ணை மூடியிருந்தார். உள்ளங்கையில் தேங்காய் இருந்தது. மணிக்கட்டுக்கு இரண்டு பக்கமும் குச்சி வைத்துத் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தார். சுளுக்காக இருக்கும். வெகுநேரம் நடந்தார். தேங்காய் படுத்தே கிடந்தது.

வெயிலில் நின்றால் தலைவலி வரும் என்று அம்மாவிடம் சொல்லி அவரை உள்ளே கூப்பிடச் சொன்னேன்.

மே 2

இன்று அம்மா கடையில் தேங்காய் வாங்கி வந்தாள்.

மே 4

சீத்தாராம்பாளையத்திலிருந்து ஒருவர் பாயிண்ட் பார்க்கக் கூப்பிட வந்து வாசலில் நின்றார். அப்பா உடம்பு சரியில்லை என்று சொல்லச் சொன்னார். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, குச்சிக்கிழங்குக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டில் கட்டு இல்லை.

கவர்களைத் தரையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். வெள்ளை, வெள்ளை, வெள்ளை, ஈரம், கறுப்பு. அப்புறம் கடைசிவரை கறுப்பு. சுவருக்கு மேல்பக்கம் விலகித்தானே குச்சி அடித்தேன், பிறகு எப்படிச் சுவருக்குள்ளேயே போய் விழுந்தேன்? அம்மா பருப்பு வேகவைத்து இறக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுக்களையில் முறம் சுவரில் சாய்ந்து நின்றது. அதைப் பார்த்ததும் எனக்கே என்னை ஓர் அறை விடலாம் போலிருந்தது. சுவர் நேராக நிற்கிறது என்று யார் சொன்னது? புத்தகத்துப் படம் சொன்னது. மாமா தோட்டத்துச் சுவர் கீழே போகப் போக மேட்டுப் பக்கமாகச் சரிந்து இறங்குகிறது. நான் நேரே இறங்கி அதன் முதுகில் துளை போட்டிருக்கிறேன்.

தப்பு என்னுடையது. ஆனால் ஏன் தப்பு என்று எனக்குத் தெரிகிறது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்க வேண்டும். இல்லை. ஊரையே எழுப்பிச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

மே 9

ரிசல்ட் வந்துவிட்டது. மார்க் போதும். கட்டுரை அனுப்ப இன்னும் இரண்டு நாள்.

சார் திருத்திக் கொடுத்த பழைய கட்டுரையைக் கிழித்துவிட்டு இன்று புதிதாக எழுதிக்கொண்டு போனேன். தகப்பனார் தொழில் என்ற இடத்தில் விவசாயியை அடித்தேன். தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவர் என்று எழுதினேன். சார் படிக்கப் படிக்க அவர் புருவம் ஏறிக்கொண்டே போனது. தோல்வியை எழுதாதே என்றார். எழுதினாலும் கடைசியில் ஜெயித்ததாக முடி என்றார். இதைப் படிக்கிறவர்கள் உன்னையும் உன் அப்பாவையும் சேர்த்துச் சிரிப்பார்கள் என்றார். அவர் கெட்டவர் இல்லை. எனக்குச் சீட்டுக் கிடைக்க வேண்டும் என்றுதான் அவரும் நினைக்கிறார்.

"நான் ஜெயிக்கல சார். ஜெயிச்சேன்னு எழுதுனா அந்தச் சீட்டு வேற ஒருத்திக்குக் கெடைச்ச மாதிரி."

சிவப்புப் பேனாவுக்கு மூடியைப் போட்டார். உன் இஷ்டம் என்றார். பள்ளிக்கூட முத்திரையைக் குத்திக் கொடுத்தார்.

மே 10

அனுப்பியதை இங்கே எழுதி வைக்கிறேன், நாளைக்கு நானே மாற்றிச் சொல்லாமல் இருக்க.

'என் குணங்கள்: பிடிவாதம், கோபம். இரண்டையும் திருத்தச் சொன்னார்கள், திருத்தவில்லை. என் ஆர்வம்: கல். என் அப்பா தேங்காய் வைத்துப் பாயிண்ட் பார்ப்பவர். அதை நான் நம்புவதில்லை என்று நாலு பேர் முன்னால் அவரிடம் சொன்னேன். பிறகு என் படிப்பை நம்பி நானே ஓரிடம் காட்டினேன். அங்கேயும் தண்ணீர் வரவில்லை. கறுப்புக் கல் சுவர் நேராக நிற்கும் என்று நினைத்தது என் தவறு. அது சாய்ந்திருந்தது. எங்கள் ஊரில் எல்லாரும் தண்ணீர் இருக்கிறது என்று சொல்கிறவரைத்தான் தேடிப் போகிறார்கள். தோண்டிய பிறகு காய்ந்த குழிக்குக் காரணம் கேட்பதில்லை. என் லட்சியம்: தோண்டுவதற்கு முன்னால், இங்கே இல்லை என்று சொல்வது. அதற்காக என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று தெரியும். கூப்பிடாவிட்டாலும் போய்ச் சொல்வேன்.'

மே 24

கூப்பிட்டிருக்கிறார்கள். இன்டர்வியூ ஜூன் 3.

அம்மா கையில் மாவோடு வந்து போன் திரையைப் பார்த்தாள். யார் கூட்டிக்கொண்டு போவது என்று கேட்டாள். அப்பா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். ஈரோடு போய் டிக்கெட் எடுத்துட்டு வந்தர்றேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். இவ்வளவுதான் எங்கள் வீட்டுக் கொண்டாட்டம்.

ஜூன் 3

ரயிலில் எழுதுகிறேன். கை ஆடுகிறது, எழுத்தும்.

அப்பாவை உள்ளே விடவில்லை. கல்லூரி வாசலில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். காலையில் அவர் இட்லியைத் தொடவில்லை, பசியில்லை என்றார்.

உள்ளே மூன்று பேர். நடுவில் கண்ணாடி போட்ட ஒரு மேடம். வலது பக்கம் இருந்தவர் என் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு, தேங்காய் ஜியாலஜிஸ்ட் மகளா என்று கேட்டுச் சிரித்தார். பக்கத்தில் இருந்தவரும் சேர்ந்து சிரித்தார். கோகுல்நாத் சார் சொன்னது அப்படியே நடந்தது. எழுந்து வந்துவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன்.

"சிரிக்காதீங்க சார். அவரைத் தப்புன்னு சொல்ல எனக்கு உரிமை இருக்குது. உங்களுக்கு இல்லை."

சிரிப்பு நின்றது. சீட்டு போய்விட்டது என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன். அதனால் பயமும் போய்விட்டது. மேடம் மட்டும் முகம் மாறாமல் கேட்டார்கள்: உங்கப்பா காட்டின இடத்திலும் தண்ணீர் வரவில்லை, நீ காட்டின இடத்திலும் வரவில்லை, அப்புறம் உங்கள் இரண்டு பேருக்கும் என்னம்மா வித்தியாசம்?

"அவருக்கு வரலைன்னா கெரகம்னு விட்ருவாங்க மேடம். எனக்கு வரலைன்னா காரணம் வேணும்."

மஞ்சள் பையைத் திறந்து கவர்களை மேஜையில் வரிசையாக வைத்தேன். மேடம் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்கள். ஈரம் என்று எழுதியிருந்த கவரைப் பிரித்து, கெட்டியாகியிருந்த பொடியை விரலால் நசுக்கிப் பார்த்தார்கள். அதற்கு அடுத்த கறுப்பைப் பார்த்தார்கள். சிரித்தவரும் எட்டிப் பார்த்தார். சுவர் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தாளில் போட்டுக் காட்டச் சொன்னார்கள். போட்டேன். யார் இவ்வளவு ஒழுங்காகப் பொடி எடுத்தது, நீயா என்றார்கள்.

எங்கப்பா என்றேன். நான் அப்போது மோட்டார் ரூமுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன் என்றும் சொன்னேன். கேட்கவில்லை, ஆனாலும் சொன்னேன்.

கடைசியாக, இப்போது மறுபடியும் போடச் சொன்னால் எங்கே போடுவாய் என்று கேட்டார்கள். முதலில் போடலாமா என்று பார்ப்பேன், அந்தத் தோட்டத்தில் எங்கேயுமே இல்லாமலும் இருக்கலாம் என்றேன். மேடம் பேனாவை எடுத்து எதையோ எழுதிக்கொண்டார்கள்.

வெளியே வந்ததும் அப்பா எழுந்து நின்றார். என்ன கேட்டார்கள் என்று கேட்கவில்லை. பொடியைப் பார்த்தாங்களா என்று மட்டும் கேட்டார். பார்த்தாங்க என்றேன். எதிர்க் கடையில் மூன்று இட்லி சாப்பிட்டார்.

ஜூன் 12

கிடைத்துவிட்டது.

அம்மா முதலில் அழுதாள், பிறகு திட்டினாள், பிறகு மாமாவுக்குப் போன் போட்டாள். மாமா என்னிடம் பேசினார். படிச்சு முடிச்சுட்டு வந்து மூணாவது குழியும் நீதான் வெட்டோணும் என்றார். குழி வேண்டாம் என்று சொல்லத்தான் மாமா படிக்கப் போகிறேன் என்றேன். அதுக்கும் ஒரு காபி உண்டு அம்முணி, வா என்றார்.

ஹாஸ்டலுக்குக் கட்ட வேண்டிய தொகை போட்ட தாளை அம்மா இரண்டு முறை படித்தாள். அப்பா அதை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஜூன் 14

சீத்தாராம்பாளையத்துக்காரர் மறுபடியும் வந்தார். அப்பா இந்த முறை களை எடுக்கப் போகவில்லை. நாற்காலி போட்டு உட்கார வைத்தார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன், ஒட்டுக்கேட்டதாகவே வைத்துக்கொள்ளலாம்.

அப்பா சொன்னார்: "கைய அசையாம கட்டிட்டுப் பாத்தனுங்க. தேங்காய் நிக்கலீங்க. நிக்கறது தேங்காயா, என்ற கையான்னு எனக்கே இப்பத் தெரியல. தெரிஞ்சே கூப்புடறதா இருந்தாக் கூப்புடுங்க, வர்றேன்."

வந்தவர் சிரித்தார். "அட, பெரிய மனுசன் இப்படித்தானுங்க பேசுவாங்க. நீங்க வந்து கால் வெச்சாப் போதுமுங்கண்ணா, வண்டியும் நாளைக்குத்தான் வருது. நாளைக்கே வாங்க" என்றார். கொண்டுவந்த பைத் தேங்காயை வைத்துவிட்டே போனார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. உண்மையைச் சொன்னாலும் நம்ப மாட்டேன் என்கிற ஊரில்தான் நான் தொழில் செய்யப் போகிறேன்.

அவர் போனதும் அப்பாவிடம் நேரே போய்ச் சொன்னேன். நான் இன்னும் அதை நம்பவில்லை, அந்தப் பணத்தில் படிக்க எனக்கு எப்படியோ இருக்கிறது என்றேன்.

"உன்னைய ஆரு நம்பச் சொன்னா கண்ணு? நம்பாமப் போய்ப் படி. நம்பாமயே திரும்பி வா. அதுவரைக்கும் நான் அவங்ககிட்ட உள்ளதைச் சொல்லிட்டுத்தான் நடக்கறேன்."

ஜூன் 15

காலையில் தேங்காய்ச் சட்னி. நான்தான் துருவினேன்.

அப்பா குளித்துவிட்டு வெள்ளை வேட்டி கட்டினார். சாப்பிடவில்லை. திரும்பி வரும்போது பசிக்குமே என்று டிபன் பாக்ஸை வைக்க அவர் பையைத் திறந்தேன். மேலே குடுமித் தேங்காய் இருந்தது. சூடம் இருந்தது. அடியில், ரப்பர் பேண்ட் போட்டு ஒரு கட்டுக் காலிக் கவர்களும், என் பென்சில் டப்பாவிலிருந்து காணாமல்போன கறுப்பு மார்க்கரும் இருந்தன.

டிபன் பாக்ஸை ஓரமாக வைத்தேன், கவர்கள் கசங்காத மாதிரி.